ஐந்தடுக்குக் கேரியரில் ஐந்து விரல்

“சார், உங்களுக்கு வெரலே இல்லன்னு சொல்லுது.”

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். என் வலது கைக் கட்டைவிரல் அவளுக்கு எதிரே, ரேகை எடுக்கும் கருவியின் சின்னக் கண்ணாடி மேல், சிவப்பு வெளிச்சத்தில் கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி கலைச்செல்வி பார்த்தாள். எனக்கு வீட்டை விற்க வந்திருந்த நிஜாமுதீனும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தான். மூன்று பேருக்கும் விரல் தெரிந்தது.

“இருக்கேம்மா” என்றேன்.

“எனக்குத் தெரியுது சார். அதுக்குத் தெரியலயே.”

இடம், சிதம்பரத்தைச் சுற்றியுள்ள பத்திரப் பதிவு அலுவலகங்களில் ஒன்று. எது என்று சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் அங்கே பிழைப்பு இருக்கிறது.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வரி: நான் பத்திர எழுத்தர். வீடு, மனை, நிலம் வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்து, பதிவு முடிகிற வரைக்கும் கூடவே நிற்பவன். ஊரில் எல்லோருக்கும் நான் ‘ரைட்டர்’. குடியிருப்பது கடலூரில், தொழில் சிதம்பரத்தில், நடுவில் பேருந்தில் பாதி ஆயுள்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் பத்திரம் எழுதிய நான், இருபத்தேழு வருடமாகக் கடலூருக்குள்ளேயே வாடகைக்கு ஒன்பது வீடு மாறியவன். ஒவ்வொரு முறையும் சட்டி பானையைக் கட்டியவள் கலைச்செல்வி. அன்றைக்குப் பதிவாக வேண்டியது எங்கள் சொந்த வீடு. கிள்ளை போகிற சாலையில் உள்ளடங்கிய தெருவில் இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு கொய்யா மரம். அதற்காக அவள் கல்யாணப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள்.

நிஜாமுதீன் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். பரங்கிப்பேட்டைக்காரன், குவைத்தில் வேலை. அன்று புதன்கிழமை. வியாழன் ராத்திரி அவனுக்கு விமானம். விட்டால் இரண்டு வருடம் கழித்துத்தான் வருவான். அதே வீட்டைக் கேட்டு அவன் மாமனார் வழியில் இன்னொருவர் தயாராக நின்றார். தன் சார்பில் கையெழுத்துப் போட யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். அவன் வாப்பா அப்படிப் பவர் எழுதிக் கொடுத்து ஒரு தென்னந்தோப்பை இழந்தவர். அந்தக் குடும்பத்தில் அந்தச் சொல்லையே எடுக்கக் கூடாது.

ஆக, என் விரல் அன்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் போனது எப்படி என்பதைச் சொல்ல நான் பன்னிரண்டு நாள் பின்னால் போக வேண்டும்.

பிறத்தியார் கட்டைவிரல்

அதற்கும் முன்னால் ஒரு பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மசியில் ரேகை வைத்த காலத்திலிருந்து பிறத்தியார் கட்டைவிரலைப் பிடித்து உருட்டியே வளர்ந்தவன் நான். விரலைத் தொட்டால் ஆள் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடுவேன். பண்ருட்டிப் பக்கமிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் வருவார்கள். அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகை மழமழவென்று தேய்ந்திருக்கும். கருவி அவர்களைச் சுலபத்தில் ஏற்றுக்கொள்ளாது. “கைய நல்லாத் தொடைச்சிட்டு வாம்மா” என்று அதட்டியிருக்கிறேன். ஒருத்தி திரும்பி, “இது அழுக்கு இல்ல சார், கையே இப்டித்தான்” என்றாள். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு தொற்றுநோய்க் காலம் வந்தது. ஒவ்வொரு விரலைப் பிடித்த பிறகும் கிருமிநாசினி தடவிக்கொள்ளும் பழக்கம் பிடித்தது. நோய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை தேய்த்தேன். விரல் நுனிகள் முதலில் காய்ந்தன, பிறகு வெடித்தன, பிறகு வெங்காயச் சருகு மாதிரி உரிய ஆரம்பித்தன. ஒருநாள் காலையில் என் செல்போனே என் விரலை ஏற்காமல் ‘மறுபடி முயற்சி செய்க’ என்றது. அப்போதுதான் எனக்குப் பதிவு அலுவலகத்துக் கருவி நினைவுக்கு வந்தது. பதிவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். எனக்கு மச்சான் இருந்தான்.

சுரேஷின் பெட்டி

சுரேஷ் என் மனைவியின் தம்பி. முதலில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தான். பிறகு நாட்டுக்கோழி வளர்த்தான். கோழிகள் ஒரு மழையில் போன பிறகு ‘வெல்னஸ் அட்வைசர்’ ஆனான். கழுத்தில் பட்டை, பட்டையில் அவன் படம், கையில் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியைத் திறந்தால் சுண்டுவிரல் உயரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் புட்டிகள்.

“எசென்ஷியல் ஆயில், மாமா. பூவு, எலை, பட்டை எல்லாத்தையும் காய்ச்சி வடிச்ச சாறு. தோல் வியாதிக்கு இதுக்கு மேல ஒண்ணு கெடையாது. கெமிக்கலே இல்ல, ஃபுல்லா நேச்சுரல்.”

“தேளு கூட நேச்சுரல்தான்” என்றாள் கலைச்செல்வி, கீரை ஆய்ந்துகொண்டே.

அவன் அக்காவைக் கண்டுகொள்ளவில்லை. ஐந்து புட்டிகளை எடுத்து எனக்கு முன்னால் நிறுத்தினான். டீ ட்ரீ, லாவெண்டர், லெமன்கிராஸ், கிராம்பு, பெப்பர்மின்ட். டீ ட்ரீ என்பது டீத்தூள் செடி என்றுதான் நான் நினைத்தேன். அது வேறு ஏதோ வெளிநாட்டு மரம் என்றான். எந்த நாடு என்று கேட்டதற்கு, அது பயிற்சியின் இரண்டாம் நாள் வரும் என்றான்.

“ஆனா ஒண்ணு மாமா. ரொம்ப முக்கியம். இத டைரக்டா தோல்ல போடவே கூடாது. கேரியர்லதான் போடணும்.”

“கேரியர்லயா?”

“கேரியர் இல்லாம தொடவே கூடாதுன்னு ட்ரெய்னிங்ல அடிச்சுச் சொன்னாங்க.”

இங்கேதான் நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். ஒரு சொல்லை மாற்றி எழுதினால் கிணறு பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போய்விடுகிற தொழில் என்னுடையது. எதையும் இரண்டாவது முறை கேட்டு உறுதி செய்துகொள்வேன். அதனால் கேட்டேன்.

“கேரியர் எப்படிப்பட்டதா இருக்கணும்?”

சுரேஷ் கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டான். “ஸ்டீலு, இல்லன்னா கண்ணாடி. பிளாஸ்டிக் மட்டும் ஆவாது மாமா, உருகிடும்.”

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி உறுதி செய்வான்? எங்கள் வீட்டில் கண்ணாடிக் கேரியர் கிடையாது. ஸ்டீல் இருந்தது. கல்யாணத்துக்கு என் மாமியார் வீட்டுச் சீராக வந்த ஐந்தடுக்குக் கேரியர், ஒவ்வொரு அடுக்கிலும் ‘கலைச்செல்வி’ என்று பெயர் வெட்டியது. எண்ணெயும் ஐந்து, அடுக்கும் ஐந்து. கணக்குச் சரியாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தபசில்

அந்தச் சனிக்கிழமை கலைச்செல்வி பக்கத்து வீட்டுப் பெண்களோடு திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் பாய் விரித்து, கேரியரைப் பிரித்து, ஐந்து அடுக்குகளையும் அரைவட்டமாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெய்.

நம் வீடுகளில் எண்ணெய் என்றால் உள்ளங்கையில் குளம் கட்ட வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்தவனுக்கு நாலு சொட்டு எந்த மூலைக்கு? புட்டிக்குப் பாதி ஊற்றினேன்.

எந்த எண்ணெய் கேட்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு விரலுக்கு ஒரு எண்ணெய் என்று முடிவு செய்தேன். பிறகு குழம்பக் கூடாது என்பதால், பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் எழுதுவோமே, அந்தத் தபசில் மாதிரியே ஒரு தாளில் எழுதி வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது:

‘மோதிர விரல். நகத்துக்குத் தெற்கு, முதல் மடிப்புக்கு வடக்கு, நடுவிரலுக்குக் கிழக்கு, சுண்டுவிரலுக்கு மேற்கு. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட தோல் உரிந்த பகுதி முழுவதும். இதற்குக் கிராம்பு எண்ணெய்.’

கட்டைவிரல் டீ ட்ரீயில், ஆள்காட்டி லாவெண்டரில், நடுவிரல் லெமன்கிராஸில், மோதிர விரல் கிராம்பில், சுண்டுவிரல் பெப்பர்மின்டில். ஒரே நேரத்தில் ஐந்து விரலையும் ஐந்து அடுக்கில் வைக்க மனிதக் கை இடம் கொடுக்காது. அதனால் ஒவ்வொன்றாக ஐந்தைந்து நிமிடம் ஊறவைத்தேன்.

முதல் இரண்டு விரலும் சும்மா எரிந்தன. லெமன்கிராஸில் நடுவிரல் சிவந்தது. கிராம்பு எண்ணெயில் மோதிர விரலை வைத்த மூன்றாவது நிமிடம், அதை யாரோ கரி அடுப்பில் செருகியது போல் இருந்தது. ஓடிப்போய்க் குழாயில் காட்டினேன். எண்ணெய் தண்ணீருக்கு அசையவில்லை. பாதித் தோல் மட்டும் கழன்று வந்தது. இடது கையால் சுரேஷுக்குப் போன் செய்தேன்.

“அது வேல செய்யுது மாமா. உள்ள இருக்குற நச்சு வெளிய வருது.”

“நச்சு வரலடா. தோலு வருது.”

“அதுதான் மாமா ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்.”

பயிற்சியில் எத்தனை ஸ்டேஜ் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. சுண்டுவிரலுக்கு அன்றைக்கு விடுதலை கொடுத்தேன்.

கலைச்செல்வி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வந்தவள் என் கையைப் பார்க்கவில்லை. பாயில் கிடந்த அடுக்குகளைத்தான் பார்த்தாள்.

“என் கேரியர்ல என்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?”

“வைத்தியம்.”

அவள் அடுக்குகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மறுநாள் முழுக்க வெயிலில் காயவைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. திங்கட்கிழமை அதில் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை என் பத்திரக் கடைக்குப் பக்கத்துக் கடை டைப்பிஸ்ட் ஒரு வாய் வைத்துவிட்டு, “ரைட்டர் சார், வீட்டுல கொசு ஜாஸ்தியா?” என்று கேட்டார்.

ஒரு மணி நேரப் பேருந்து வைத்தியம்

என் கை இன்னும் மோசம். சோப்புக்கும் அடங்காத வாசனை. அதே திங்கட்கிழமை காலை கடலூரில் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் முன்னும் பின்னும் நடந்தார்.

“யாருய்யா அது தைலத்த ஒடச்சது?”

நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். பயனில்லை. பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் என்னை மோப்பம் பிடித்துவிட்டாள்.

“உங்க கையிலேர்ந்தா சார் வருது? கொஞ்சம் இப்டி நீட்டுங்களேன். புள்ளைக்கு ரெண்டு நாளா மூக்கடைப்பு.”

“இல்லம்மா, இது மருந்து...”

“மருந்துதான சார் வேணும்!”

குழந்தைக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். கிட்ட வேண்டாம், எட்ட வைத்தால் போதும் என்றாள். ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் குழந்தை தூங்கிவிட்டது. கையை எடுத்தேன், முழித்து அழுதது. மறுபடி நீட்டினேன். புதுச்சத்திரத்தில் பின் இருக்கைக்காரர் ஒருவர் தலைவலி என்று சொல்லி என் தோளுக்கு மேல் எட்டி முகர்ந்தார். முட்லூர் வரும்போது என் பக்கம் ஐந்து பேர் சாய்ந்திருந்தார்கள். எரிகிற விரலோடு, கையை ஆசீர்வாதம் செய்வது மாதிரி நீட்டியபடியே நான் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது அந்தப் பெண், “நாளைக்கும் இதே வண்டிதான சார்?” என்றாள்.

அன்று சாயங்காலம் நேராகக் கடலூரில் தோல் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் சிரித்தார்

டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவர். பொறுமையாகக் கேட்டார். கேரியர் என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“எந்தக் கேரியர் சார்?”

“சாப்பாட்டுக் கேரியர். ஸ்டீல்தான்.”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சார், கேரியர் ஆயில்னா தேங்காயெண்ணெய் மாதிரி சாதா எண்ணெய். அதுல இத ரெண்டு சொட்டு விட்டுக் கலக்கணும்னு சொல்லுவாங்க. அப்படிக் கலந்தாலும் வெடிச்ச தோல்ல போடக் கூடாது. நீங்க அப்படியே ஊறவே வெச்சிருக்கீங்க.”

எனக்கு முதலில் வந்தது வலி இல்லை, அவமானம். ஒரு சொல்லை, ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் படித்திருக்கிறேன். வெளியே வந்து சுரேஷுக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

“அப்ப நானும் டிஃபன் கேரியர்னுதான் மாமா நெனச்சேன்” என்றான். “நாலு பேருக்கு கேரியரோட சேத்து வித்துட்டேன்.”

டாக்டர் வெள்ளைக் களிம்பு எழுதிக் கொடுத்தார், கிருமிநாசினியை நிறுத்தச் சொன்னார். ரேகை என்ன ஆகும் என்று கேட்டேன்.

“ரேகை எங்கயும் போவாது சார். உள்ள பத்திரமா இருக்கு. புதுத் தோல் வந்தா அதோட வரும். ரெண்டு வாரம் ஆவும்.”

எனக்கு இருந்தது ஒன்பது நாள். செவ்வாய் முதல் மறு செவ்வாய் வரை தினமும் விடியற்காலையில் எழுந்து போனில் விரலை வைத்துப் பார்த்தேன். போன் என்னை யாரென்று தெரியாது என்றது.

புதன்கிழமை காலை நாங்கள் கிளம்பும்போது சுரேஷ் வாசலில் நின்றான். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. தேங்காயெண்ணெயில் பெப்பர்மின்ட் கலந்தது.

“இப்ப கேரியரோடதான் மாமா. தோலு சாஃப்ட் ஆனா ரேகை எழும்பி வரும்.”

அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி அப்படி அப்பியிருந்தது. எனக்கும் வேறு நம்பிக்கை இல்லை. கலைச்செல்வி முறைத்துக்கொண்டே நிற்க, இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டேன். இதை எழுதும்போது என்னை நானே அறையத் தோன்றுகிறது.

மறுபடியும் அந்தக் கண்ணாடி

ஆக, அந்த அறைக்கு வந்துவிட்டோம். பத்து விரலையும் வைத்தேன். பத்தும் இல்லை என்றது கருவி. எண்ணெய்க் கை வேறு கண்ணாடியில் வழுக்கியது. அந்தப் பெண் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

“பரவால்ல சார். கண்ண வெச்சிப் பாத்துடலாம். கருவிழி ஒத்துப்போனா போதும்.”

எனக்கு உயிர் வந்தது. கருவிழிக்கு எந்த எண்ணெயும் போடவில்லையே! அந்தச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. நான் கலங்கிய கண்ணைத் துடைத்தேன். இரண்டு கையாலும்.

பெப்பர்மின்ட் கண்ணில் பட்டால் எப்படி இருக்கும் என்று வர்ணிக்க என்னிடம் சொல் இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு வெளிக்கூடத்துக்கு வந்து பெஞ்சில் விழுந்தேன். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. யாரோ ஒரு அம்மாள் என் தோளைத் தட்டினாள்.

“அழுவாதீங்க சார். எங்க ஊட்டுக்காரரும் போன வருசம் நெலத்த வித்துட்டு இப்டித்தான் ஒக்காந்திருந்தாரு. போனது போவட்டும்.”

“நான் விக்கலம்மா. வாங்குறேன்.”

அவள் கலைச்செல்வி பக்கம் திரும்பினாள். “வாங்குறதுக்கா இப்டி அழுவுறாரு? பாவம், மொத தடவ போல.”

உண்மைதான். முதல் தடவைதான்.

மூன்று முறை என்னைக் கருவிக்கு முன்னால் நிறுத்தினார்கள். “கண்ணத் தெறங்க சார்” என்றாள் அந்தப் பெண். திறந்தேன் என்று நான் நினைத்தேன். திறக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பதிவாளர் நல்ல மனிதர், என்னைப் பல வருடமாகத் தெரியும். “ரைட்டரே, போயி மொதல்ல கண்ணக் கழுவுங்க. இன்னிக்கு ஆவாது” என்றார்.

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை மரத்தடியில் கலைச்செல்வி என் தலையைச் சாய்த்துப் பிடித்துப் பாட்டில் தண்ணீரைக் கண்ணில் ஊற்றினாள். பட்டுப்புடவை நனைந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“பரவால்லீங்க. இன்னொரு வீடு கெடைக்காமலா போவும். வுடுங்க” என்றாள்.

அதுதான் என்னைக் குத்தியது. ஒன்பது வீடு காலி செய்தபோதும் அவள் அதே குரலில்தான் பேசியிருக்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போது வந்த கண்ணீருக்கும் பெப்பர்மின்டுக்கும் சம்பந்தமில்லை.

நிஜாம் மூன்று டீ வாங்கிவந்து நீட்டினான்.

“மச்சான், ஒண்ணு கேக்குறேன். தங்கச்சிக்கு வெரல் இருக்குல்ல?”

“இருக்கு. அதுக்கென்ன?”

“அப்புறம் எதுக்குய்யா ஒன் வெரலக் கட்டிக்கிட்டு அழுவுற? தங்கச்சி பேருல எழுது. எங்க சொந்தத்துல வீடுன்னா பொண்ணு பேர்லதான் எழுதுவாங்க. எங்க உம்மா வீட்டுலதான் எங்க வாப்பா குடியிருந்தாரு, கடைசி வரைக்கும்.”

பெண்கள் பெயரில் வாங்கினால் கட்டணத்தில் சலுகை உண்டு, வீட்டம்மா பெயரில் வாங்குங்கள் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறவன் நான். என் வீட்டுப் பத்திரத்தை ஒரு மாதமாக உட்கார்ந்து எழுதினேன். வேறு பெயர் போடலாம் என்று ஒரு நிமிடம் கூட எனக்குத் தோன்றவில்லை. இதை இவ்வளவு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

“என் பேர்லயா? எதுக்கு?” என்றாள் கலைச்செல்வி. நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்தாள்.

க/பெ

அன்று மதியமே கடையில் உட்கார்ந்து பத்திரத்தை மாற்றினோம். என் விரல் நுனிகள் இன்னும் ஆறாததால் பக்கத்துக் கடை டைப்பிஸ்ட் அடித்தார், நான் சொன்னேன். வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயர் போய் அவள் பெயர் வந்தது. அதற்கு அடுத்து ‘க/பெ’ என்று போட்டு, கணவர் பெயராக நான் ஒட்டிக்கொண்டேன். எத்தனையோ ஆண்களை அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறேன். அங்கே இடம் கொஞ்சம் நெருக்கடிதான்.

வியாழக்கிழமை காலையில் முதல் டோக்கன் எங்களுக்கு. நிஜாமின் பெட்டிகள் ஏற்கெனவே வாடகைக் காரில் ஏறியிருந்தன. கலைச்செல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலைக் கண்ணாடி மேல் வைத்தாள். இருபத்தேழு வருடம் பாத்திரம் துலக்கிய விரல். பச்சை விளக்கு உடனே எரிந்தது.

“அவ்ளோதானா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

“அவ்ளோதான்மா. வீடு உங்களுது.”

கலைச்செல்வி விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். எடுக்கலாம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். பத்திரத்தை உறையிலிருந்து எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டு வந்தாள். நான் எழுதிய எதையும் அவள் அதற்கு முன் படித்ததில்லை. படிக்க என்ன இருக்கிறது, எல்லாம் ஒரே பாட்டுத்தானே என்று நானே சொல்லியிருக்கிறேன். புதுச்சத்திரம் தாண்டியதும் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

“‘இன்று முதல் இச்சொத்தைத் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ இது யாரச் சொல்லுது?”

“உன்னத்தான்.”

“என்னையா?”

“பின்ன? நீதான வாங்கியிருக்குற.”

அவள் மறுபடி அந்த வரியைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை நான் ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அதில் இருப்பது ஒரு மனுஷியிடம் சொல்லுகிற வார்த்தை என்பது அன்றுவரை என் காதில் விழுந்ததே இல்லை.

பத்திரத்தை என் மடியில் வைத்தாள்.

“நீங்க ஒரு தடவ படிங்க. சத்தமா.”

வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். படித்தேன்.